கடைசித் தட்டுக்குக் காத்திருந்த கோமதி அக்கா

பள்ளியில் இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருந்தபோது பியூன் வந்து, ஆபீஸ் அறையில் எனக்குப் போன் என்றார். எடுத்தேன். கோமதி அக்காவின் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. "டீச்சர், கோமதி போயிட்டா" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்ததும் வந்துவிட்டது. "வீட்டுல அடுப்பு பத்த வைக்கக் கூடாதுன்னு சொல்லுதாக. ஆளுக வந்துகிட்டே இருக்காக. காப்பிக்கு என்ன செய்ய?"

தவறாக நினைக்க வேண்டாம். அவர் அழுதுகொண்டேதான் அதைக் கேட்டார். அண்ணாச்சி பொல்லாதவர் இல்லை. பொல்லாதவராக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு, வழியில் என் வீட்டில் இறங்கிக் காப்பி போட்டு, இரண்டு பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போனேன். பூனாவின் கோர்படி ரயில்வே கேட்டைத் தாண்டி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது மூக்குக்கு ஒன்றுமே எட்டவில்லை. தாளித்த வாசனை இல்லை, ஏலக்காய் இல்லை, சோறு வடிக்கிற ஆவி இல்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த வீட்டில் அடுப்பு எரியாமல் நான் பார்த்த முதல் நாள் அதுதான். அக்கா கூடத்தில் படுத்திருந்தார். பகல் வேளையில் அவர் படுத்திருந்து நான் பார்த்ததும் அன்றுதான்.

நம் தமிழ் மன்றத்து மலருக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொன்னவர்கள், "அப்படியே அந்தச் சொதிக்குச் செய்முறையும் போட்டுவிடுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். செய்முறை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அக்காவின் சொதியைப் பற்றியும் கூட்டாஞ்சோற்றைப் பற்றியும் பேசினார்கள். ஒரு பெரியவர் இஞ்சித் துவையல் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு எச்சில் ஊறியது கடைசி வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. போய்ச் சேர்ந்தது மனுஷியா சாப்பாடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு நான் பேசாமல் எழுந்து வந்தேன். பேசியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த வீட்டில் கை நனைத்தவர்கள். நானும்தான்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கோமதி அக்கா சங்கரன்கோவில் பக்கத்துச் சைவக் குடும்பம். முட்டைகூட வாசல் தாண்டி உள்ளே வராத வீடு. ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு கல்யாணம் ஆகிப் பூனாவுக்கு வந்தவர். அண்ணாச்சிக்கு ராணுவக் கணக்கு ஆபீஸில் வேலை. ஒரே மகள் செல்வி. வீட்டில் மூன்று பேர் என்று ரேஷன் கார்டு சொல்லும். சாப்பாட்டுக்கு உட்காருகிறவர்களைக் கேட்டால் அது வேறு கதை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேலை தேடிப் பூனா ஸ்டேஷனில் இறங்குகிற எந்தப் பையனுக்கும் அண்ணாச்சி வீட்டு வழி தெரிந்திருந்தது. ரூம் கிடைக்கிற வரைக்கும் அங்கே தங்குவான். ரூம் கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவான். அண்ணாச்சிக்கு ஆறின சோறு இறங்காது என்பதால் மதியம் சைக்கிளில் வீட்டுக்கு வருவார். கேரியரிலும் பின்னாலும் ரெண்டு மூன்று பேர் ஒட்டிக்கொண்டு வருவார்கள். சமையலறை ஜன்னல் ரயில்வே மதிலைப் பார்த்தது. அந்த மதிலைத்தான் அக்கா நாள் முழுக்கப் பார்த்தார்.

நான் அக்காவைச் சந்தித்தது அந்த வீட்டில் இல்லை. கோர்படி பஜாருக்குப் பின்னால் இருந்த யூசுப் பாய் பேக்கரியில். அந்தக் காலத்துப் பூனாவில் வீடுகளில் ஓவன் ஏது? தீபாவளிக்கு நான்கட்டாய் பிஸ்கட்டோ, கிறிஸ்துமஸுக்குக் கேக்கோ, மாவைப் பிசைந்து தூக்குகளில் எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போக வேண்டும். ராத்திரி முழுக்கப் பாவ் ரொட்டி சுட்ட அடுப்பில் காலையில் மெதுவாகச் சூடு இறங்கும்போது, வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் தட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே போகும். மாவும் நெய்யும் சர்க்கரையும் நம்முடையது, தட்டும் நெருப்பும் பாயுடையது. பண்டிகை நாளில் கூட்டம் தெருவரைக்கும் நிற்கும். மற்றச் சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.

அது ஒரு டிசம்பர். நான் கேக் மாவுப் பாத்திரத்தின் மூடி திறக்காமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் சம்படத்தோடு நின்றிருந்தார். "அதுல முட்டை சேத்திருக்கா?" என்று தமிழில் கேட்டார். நான் தமிழ் என்று எப்படித் தெரியும் என்றேன். "மூடியைப் போட்டு ஏசுனீங்கள்லா" என்றார். "பன்னிரண்டு முட்டை" என்று நான் பெருமையாகச் சொன்னேன். உடனே சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போனார். அங்கேயிருந்தே, "எந்த ஊரு?" என்று விசாரித்தார். பாளையங்கோட்டை என்றேன். தள்ளிப் போன நாலடியையும் அப்படியே திரும்பி வந்தார். எங்கள் சிநேகம் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒன்றிரண்டு சனிக்கிழமைகள் போன பிறகுதான் கவனித்தேன். யூசுப் பாய் மரியாதைக்காரர். அக்காவின் முறை வந்ததும், "பாபி, பஹலே ஆப்", அண்ணி, முதலில் நீங்கள் என்று கூப்பிடுவார். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் நிற்பவளை முன்னே அனுப்புவார். அவள் போனதும் அடுத்தவளை. எல்லாத் தட்டும் போய், அடுப்பைக் கூட்டி, ஈரச்சாக்கால் துடைத்த பிறகு கடைசியாக இவருடைய தட்டு போகும். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"முட்டைத் தட்டு பூராவும் போயி முடிஞ்சு, அடுப்பைக் கூட்டித் தொடச்ச பெறகுதான் சைவத் தட்டு உள்ள போவணும்னு வீட்டுல சொல்லியிருக்கேன். அதுக்கு மத்தியானம் ஆயிரும்லா."

"யாரு வச்ச சட்டம் அது?"

"நான் வச்சதுதான்."

"முதல் தட்டாப் போட்டா முட்டையே படாதே அக்கா?"

"மெல்லப் பேசுங்க டீச்சர்" என்றார் அக்கா. "அவுகளுக்கு இன்னும் அது தோணல்ல."

சிரிக்காமல்தான் சொன்னார். அண்ணாச்சி ஆபீஸ் முழுக்க, தன் பெண்சாதி ஆசாரத்தில் எவ்வளவு கறார் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் மதியத்துக்கு விடியும் முன்னே புளியோதரை கிளறி வைத்துவிட்டு அக்கா வெளியே வர முடிந்தது இந்த ஆசாரத்தின் புண்ணியத்தில்தான். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் யாராவது ஒருவர், "அதுக்கு நான் போயிட்டு வாரேனே அக்கா" என்று கிளம்பியிருப்பார். அவ்வளவு நல்ல பையன்கள் எல்லாரும்.

அந்தக் காத்திருப்பில் அக்கா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. பேக்கரியின் பின்கட்டில் மைதா மூட்டைகளின் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொள்வார். பஜார் வரைக்கும் நடந்துவிட்டு வரலாமே என்று நான் ஒரு தடவை கூப்பிட்டேன். "நடக்கதெல்லாம் வீட்டுலயே நெறைய நடக்கேன் டீச்சர். இங்கன யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கல பாருங்க" என்றார். கடைசித் தட்டு போவதற்குள் அடுப்பில் சூடு நன்றாக இறங்கியிருக்கும். அந்த இளஞ்சூட்டில் நான்கட்டாய் சிவக்காமல் வெளுப்பாக வெந்து, நாக்கில் வைத்ததும் உதிரும். ஆக, அவர் சும்மா இருப்பதற்காகக் காத்திருந்தது போய், கோமதி அக்கா நான்கட்டாய் போல ஊரில் இல்லை என்று அதற்கும் பேர் வந்துவிட்டது. என்ன செய்ய, அவர் கை அப்படி. "ருசியாப் பண்ணுனது என் தப்பு" என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்தவர் என்பதே எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் பள்ளியில் சின்ன வகுப்புக்குத் தமிழ் தெரிந்த ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ரயில்வே காலனியிலும் பட்டாளத்து லைன்களிலும் இருந்து வருகிற பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி. வகுப்பில் ஒரே அழுகை. நான் இதை ஒரு சனிக்கிழமை சும்மா சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா மடியிலிருந்த கையை எடுத்தார். "எங்கிட்ட சர்ட்டிபிகேட் இருக்கு டீச்சர்" என்றார். அப்போதே கிளம்பினோம். மாவை யூசுப் பாயிடம் ஒப்படைத்துவிட்டு, முழங்கையில் மைதா ஒட்டியபடியே தலைமையாசிரியையின் வீட்டுக்கு வந்தார். அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அழுகிற பிள்ளையை என்ன செய்வாய்? அக்கா சொன்னார்: "அழட்டும். அழுது முடிச்ச பெறகு பேரைக் கேப்பேன்." ஜூனில் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். காலையில் போய் ஒரு மணிக்கு வீடு திரும்புகிற வேலை. திரும்பி வரும்போது அக்கா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அத்தனை பேச்சு அவருக்குள் இருக்கிறதென்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

வீட்டில் சொல்ல வேண்டுமே. மறுநாள் ஞாயிறு, துணைக்கு என்னையும் வரச் சொன்னார். கூடத்தில் இரண்டு வரிசை. சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். எல்லாரும் இரண்டாம் சோற்றில் இருக்கும்போது அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது.

"தாராளமாப் போ. நான் வேண்டாம்னா சொல்லுதேன்? படிச்ச படிப்பு வீணாப் போவலாமா?"

"அக்கா டீச்சராகப் போறாங்களா!" என்று ஒருவன் கை தட்டினான். முருகேசன் என்று ஒரு பையன், பாக்டரியில் எலக்ட்ரீஷியன், அவன்தான் கேட்டான்: "அப்போ மத்தியானம்?"

அண்ணாச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "அதான. மத்தியானத்துக்கு மட்டும் ஒரு வழி பண்ணிட்டியன்னா ஒரு கொறையும் இல்ல" என்றார். வழியை யார் பண்ணுவது என்று அவர் சொல்லவில்லை. அவரவர் இலையைப் பார்த்தார்கள். யாரோ இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார்கள். அக்கா ஊற்றினார்.

அன்றைக்குச் சமையலறையில் அக்கா என்னிடம் சொன்னதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "வயிறு நெறைஞ்சுட்டா மனுசன் நல்லவனாயிருதான் டீச்சர். அவங்கிட்ட எப்படிச் சண்டை போட?"

அதன் பிறகு அவர் செய்தது நெஞ்சுரம் உள்ளவர்கள் செய்கிற காரியம். வேண்டுமென்றே சமையலைக் கெடுக்க ஆரம்பித்தார். சொதிக்குக் கடைசியில் ஊற்றுகிற முதல் தேங்காய்ப்பால் கொதிக்கவே கூடாது. பொங்கினால் திரிந்து, எண்ணெய் தனியாகப் பிரிந்து மிதக்கும். அக்கா அதைப் பக்கத்தில் நின்று கொதிக்க விட்டார். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். பால் திரிவதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சமையல்காரிக்கு அதைவிட வேதனை வேறு இல்லை. துவையலில் இஞ்சியைத் தோலோடு அரைத்தார். சோற்றைக் குழைய விட்டார். இவளால் முடியவில்லை, மதியத்துக்கு வேறு ஏற்பாடு பார்ப்போம் என்று யாராவது ஒருவர் வாய் திறக்க மாட்டாரா என்பது கணக்கு.

யாரும் குறை சொல்லவில்லை. அண்ணாச்சி ஒரு கவளம் வாயில் போட்டார், முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினார், "பூனாத் தேங்கா சரியில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். ஊருக்கு எழுதினார். பதினைந்து நாளில் ஊரிலிருந்து வந்த ஒருவன் ஒரு சாக்கு நிறையத் தேங்காயைத் தோளில் சுமந்துகொண்டு அந்த வாசலில் இறக்கினான். அத்தனையையும் உடைத்துத் துருவ வேண்டியது யார்? அக்கா அந்தச் சாக்கைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. அந்த மே மாதம் அண்ணாச்சியின் சித்தப்பா கண் ஆபரேஷனுக்கு என்று வந்து சேர்ந்தார். ஜூன் வந்தது. "அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். நான் வேண்டாம்னு சொல்லல" என்றார் அண்ணாச்சி. பள்ளிக்கூடம் அடுத்த வருடம் வரை காத்திருக்குமா? வேறு ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் சனிக்கிழமை இருந்தது. யூசுப் பாயும் மரப்பெட்டியும் இருந்தன. இனி எழுதப் போவதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கூடத்தின் நடுவில் மணையின் மேல் ஏதோ துணி போட்டு மூடியிருந்தது. பையன்கள் எல்லாரும் புதுச்சட்டையில் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி அக்காவைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுத் துணியை எடுத்தார். வட்டமான அலுமினிய ஓவன். மூடியில் கண்ணாடி வைத்தது, கரண்டில் ஓடுவது. குங்குமம் வைத்திருந்தார்கள். பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கினதாம். "இனிமே அந்தப் பேக்கரியில போய்க் காத்துக்கெடக்க வேண்டாம் கோமதி. நம்ம வீட்டுலயே சுத்தபத்தமா சைவ ஓவன்" என்றார் அண்ணாச்சி. அவருக்குக் குரல் தழுதழுத்தது. பெண்சாதி வேகாத வெயிலில் கால் கடுக்க நிற்பது அவர் மனதை எவ்வளவு நாள் உறுத்தியிருக்க வேண்டும்! எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம். கதவைச் சாத்துகிறார்கள் என்று தெரிகிறது. சாத்துகிறவர்கள் அன்போடு சாத்துகிறார்கள். வாயைத் திறந்து என்ன சொல்ல முடியும்? "நல்லாருக்கு" என்றார். ஒரு நிமிடம் நின்றார். அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்போதே மைதாவைச் சலித்து, நெய்யும் பொடித்த சர்க்கரையும் வெளுக்கும்வரை உள்ளங்கையால் தேய்த்து, எல்லாருக்கும் நான்கட்டாய் செய்து கொடுத்தார். அருமையாக இருந்தது என்று சொன்னார்கள். இருந்திருக்கும். நான் என் பங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமையும் போய்விட்டது. ஓவன் வந்ததும் அதற்கு வேலையும் வந்தது. இவன் பிறந்தநாளுக்கு முட்டையில்லாத கேக், அவன் பெண் பார்க்கப் போக ஒரு டப்பா பிஸ்கட், ஊருக்குப் போகிறவனிடம் கொடுத்துவிட நான்கட்டாய். ஒரு நாள் அக்கா என் வீட்டுக்கு ஆள் விட்டு, சனிக்கிழமை பேக்கரிக்கு வரச் சொல்லியிருந்தார். ஓடினேன். மரப்பெட்டியில் கையை மல்லாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓவன் ரிப்பேராம். "என்ன ரிப்பேர்?" என்றேன். மடியை அவிழ்த்துக் காட்டினார். பியூஸ் கம்பி. இரண்டு சனிக்கிழமைகள் அப்படிக் கிடைத்தன. மூன்றாவது வாரம் முருகேசன் வந்து, அக்கா கஷ்டப்படக் கூடாது என்று நல்ல தடிமனான கம்பியாகப் போட்டு, பியூஸ் பெட்டியை ஆணி அடித்து மூடி, "இனிமே ஜென்மத்துக்கும் போகாது அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அந்த முருகேசன் இரங்கல் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். அவன் அழுகையில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு யாரைத் திட்டுவது என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

வருடங்கள் அப்படியே போயின. செல்வி வளர்ந்தாள், படித்தாள், பம்பாயில் ஒரு பேங்கில் வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குப் போனாள். அவளை அனுப்ப அண்ணாச்சிக்கு மனம் இல்லை. அப்போது மட்டும் அக்கா ஒரு வார்த்தை சொன்னார்: "அவ போவட்டும்." அந்த வீட்டில் கோமதி அக்கா சொல்லி, மறு பேச்சில்லாமல் நடந்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

போன மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் என்றார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, தட்டில் இருந்த உப்பில்லாக் கிச்சடியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து ஏதாவது கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். "ஐயோ, ஒண்ணும் வேண்டாம்" என்று பதறினார். "மணியடிச்சா கொண்டாந்து வைக்காக டீச்சர். நான் கேக்கவே இல்ல. சப்புன்னு இருக்கு. ஆனா யாரோ வச்சுத் தாராகளே!" ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டார். அவர் ரசித்துச் சாப்பிட்டு நான் பார்த்தது அந்த ஆஸ்பத்திரிக் கிச்சடியைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு அவரே எழுந்து காப்பி போட்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை, பாலை அடுப்பில் வைக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நானும் போயிருந்தேன். சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்று சொன்னதற்கு, அம்மாவுக்குச் செய்கிற கடைசிக் காரியம் என்று செல்வியே எல்லாம் செய்திருந்தாள். இலை போட்டார்கள். அவியல், சாம்பார், பருப்பு வடை, பாயசம். செல்வி பூனாவில் பிறந்து வளர்ந்தவள். கூட்டத்தில் தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச அவளுக்குத் தடுமாறும். ஆனால் கை பேசியது. முதல் வாய் அவியலிலேயே கூடம் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. "அப்படியே கோமதி கைப்பக்குவம்" என்றார் ஒருவர். "அக்காவே வந்து பரிமாறின மாதிரி இருக்கு" என்றான் முருகேசன். செல்வி அவியல் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையின் நடுவில் நின்றாள். அம்மாவை நினைத்தார்கள் என்பதில் அவளுக்கு முகத்தில் ஒரு சந்தோஷம்.

அப்போது ஒரு பெரியவர் சொன்னார்: "இனிமே அண்ணாச்சிக்குக் கவலை இல்ல. பேங்க் வேலைதான? பூனாவுக்கு மாத்தல் கேட்டா குடுத்திருவான்."

"ஆமா, அதுதான் சரி" என்று இரண்டு மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள். எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் பாவம், இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். "அவ இஷ்டம். நான் வா-ன்னும் சொல்லல, போ-ன்னும் சொல்லல" என்றார். சொல்லிவிட்டுச் செல்வியைப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே உறைந்தது. பாத்திரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயைத் திறந்தாள். சம்மதம் சொல்லத்தான் திறந்தாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"அவியல் நல்லால்ல" என்றேன்.

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவள். வகுப்பில் பேசிப் பழக்கம். எல்லாரும் திரும்பினார்கள். "தேங்கா காறலடிக்கி. காய் வேகல. சாம்பாரும் சுமார்தான். இந்தப் பிள்ளைக்குச் சமையல் வராது அண்ணாச்சி. இவளை நம்பி இருந்தா நீங்க பட்டினிதான்."

ஒரு துக்க வீட்டில், தாயைப் பறிகொடுத்த பெண்ணைப் பார்த்து இப்படிப் பேசுகிறவளை என்னவென்று நினைப்பார்கள்? நினைத்தார்கள். முருகேசன் முறைத்தான். அந்தப் பெரியவர் எனக்குக் கேட்கும்படியே தலையில் அடித்துக்கொண்டார். செல்வி என்னையே பார்த்தாள். நானும் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் அவள் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "ஆமா டீச்சர். எனக்கு சரியா வரலே. நான் நாளைக்கு காலையிலே ட்ரெயின் பிடிச்சு போறேன், அப்பா." பாத்திரத்தைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வேண்டியவர்கள் எழுந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

சொன்னபடி மறுநாள் பம்பாய்க்குப் போனாள். அண்ணாச்சி ஒரு மெஸ்ஸில் மதியத்துக்குச் சொல்லியிருக்கிறார். காலையில் காப்பி அவரே போட்டுக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். என்னோடு அவர் இன்னும் பேசவில்லை. பேசும்போது பேசட்டும்.

கோமதி அக்காவை அறிந்த உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். செல்வியின் அவியலில் ஒரு குறையும் இல்லை. தேங்காய் காறலடிக்கவில்லை, காய் பதமாக வெந்திருந்தது, தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் அளவாக ஏறியிருந்தன. என் அக்காவின் கையேதான். இனி எந்த ஜென்மத்தில் கிடைக்குமோ என்று நாக்கு தவித்தது; இன்னும் ஒரு கரண்டி போடு என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்தேன். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பசி ஒன்றுதான்.